தொண்ணூறு விநாடிப் பொறுமை

கரண்ட் போனதால் கெட்டுப்போன டேட்டாபேஸ்களை நான் பார்த்ததுண்டு. ஆனால் கரண்ட் வந்த பிறகு ஆட்கள் அவசரப்பட்டுக் கெடுத்தவை அதைவிடப் பல மடங்கு. இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். வாடிக்கையாளர் முன்னால் மட்டும் சொல்லமாட்டார்கள்.

கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் டேட்டாபேஸ் பராமரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. பெரும்பாலும் ஆரக்கிள், பிறகு மெல்ல மெல்லப் போஸ்ட்கிரஸ், அங்கங்கே மைஎஸ்கியூஎல். ஓர் ஆலையில் பஞ்சு பேல் எடைமேடையில் ஏறுவது முதல் நூல் கோன் பெட்டி லாரியில் ஏறுவது வரை எல்லாமே ஒரே சர்வரில் பதிவாகும். பழைய ஆட்கள் இன்னும் ஈ.டி.பி. ரூம் என்று சொல்கிற அறையில், ஏசி சத்தத்துக்கும் பஞ்சுத் தூசிக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கும். 2012இல் மாவட்டங்களில் பாதி நாள் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், டேட்டாபேஸை நிறுத்துவதும் கிளப்புவதும் எங்களுக்கு அன்றாட வேலையாகிவிட்டது. பெங்களூரில் வங்கிகளுக்கு வேலை பார்க்கும் நண்பர்கள் வருடத்தில் எப்போதாவது, முன்கூட்டியே அனுமதி வாங்கி, நள்ளிரவில் செய்கிற காரியம் அது.

இரண்டில் நிறுத்துவதுதான் கஷ்டம். கிளப்பும்போது உள்ளே யாரும் இருப்பதில்லை. நிறுத்தும்போது எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள்.

ஆரக்கிளில் வெறுமனே ‘ஷட்டவுன்’ என்று அடித்தால் அதை ‘நார்மல்’ என்று எடுத்துக்கொள்ளும். புதிதாக யாரையும் உள்ளே விடாது. ஏற்கெனவே இருப்பவர்கள் தாமாக வெளியேறும் வரை காத்திருக்கும். எடைமேடைக்காரர் ஸ்க்ரீனைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால், அவர் திரும்பி வந்து மூடும் வரை டேட்டாபேஸ் நிற்காது. மரியாதையான முறைதான், ஆனால் நடைமுறையில் யாரும் பயன்படுத்துவதில்லை. ‘டிரான்ஸாக்‌ஷனல்’ என்றால் கையில் எடுத்த வேலையை மட்டும் முடிக்க விட்டு வெளியே அனுப்பும். ‘இம்மீடியட்’ என்றால் கமிட் ஆகாத வேலைகளை எல்லாம் ரோல்பேக் செய்து, ஆட்களை வெளியேற்றி, மெமரியில் மாறியிருக்கும் பக்கங்களை டிஸ்க்கில் எழுதி, ஃபைல்களை முறையாக மூடும். ‘அபார்ட்’ என்றால் எதுவும் செய்யாது. அந்த நொடியே நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கியது மாதிரிதான்.

புதியவர்களை ஏமாற்றுவது இம்மீடியட். உடனே நின்றுவிடும் என்று நினைத்து அடிப்பார்கள். கர்சர் மினுக்கிக்கொண்டே இருக்கும். பல லட்சம் வரிகளை மாற்றுகிற ஒரு புரோகிராம் இரண்டு மணி நேரம் ஓடிப் பாதியில் நிற்கிறது என்றால், அதைப் பின்னோக்கிக் கழற்றவும் ஏறக்குறைய அதே நேரம் ஆகும். சில சமயம் கூடுதலாகவே. மாற்றிய ஒவ்வொரு வரியையும், அதோடு சேர்ந்த இண்டெக்ஸையும், பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் இல்லையா? அதனால் நிறுத்துவதற்கு முன் நான் பார்ப்பது யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதை அல்ல, யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதை. ஆரக்கிளில் வி-டாலர்-டிரான்ஸாக்‌ஷன் என்ற பார்வையில், ஒவ்வொரு டிரான்ஸாக்‌ஷனும் எத்தனை அன்டூ பிளாக் பிடித்திருக்கிறது என்று தெரியும். நூறு பேர் சும்மா லாகின் செய்து உட்கார்ந்திருக்கலாம், அது பிரச்சினையே இல்லை. ஒரே ஒருவர் லட்சம் பிளாக் பிடித்திருந்தால் அன்றைக்கு இம்மீடியட்டை நம்பி உட்காரக் கூடாது.

ஓர் ஆலையில் ஞாயிற்றுக்கிழமை டிரான்ஸ்ஃபார்மர் பராமரிப்பு. மெயினை இறக்குவதற்கு முன் சர்வரை நிறுத்த வேண்டும். ஆலையின் சொந்த ஐ.டி. பையன் இம்மீடியட் அடித்துவிட்டு என்னைப் போனில் கூப்பிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோதும் நிற்கவில்லை. எலக்ட்ரிகல் ஃபோர்மேன் வாசலில் நின்றார்.

“ஏனுங் சார், மெயின இறக்கட்டுங்களா? ஆளுங்க எல்லாம் வெயில்ல நிக்கறாங்க.”

“கொஞ்சம் பொறுங்கண்ணா, உள்ள ஒரு வேலை பாக்கி இருக்கு.”

“உள்ளதான் யாருமே இல்லீங்களே!”

ஆள் இல்லைதான். ஆனால் சனிக்கிழமை மாலை யாரோ ஓடவிட்டுப் போன போனஸ் கணக்கீடு உள்ளே இருந்தது. அலர்ட் லாகைத் திறந்து பார்த்தால் கதை அங்கே எழுதியிருக்கிறது. டேட்டாபேஸ் தன் ஒவ்வொரு மூச்சையும் நேரத்தோடு எழுதிவைக்கிற சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் அது. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். கட்டளை எல்லாம் மறந்தாலும் தேடிக்கொள்ளலாம். லாகைப் படிக்காமல் கை வைக்கிற பழக்கம் வந்துவிட்டால் பிறகு திருத்துவது சிரமம்.

நான் அபார்ட் அடித்தேன். பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அபார்ட் என்றால் பாவம் என்று பயிற்சி மையங்களில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கமிட் ஆன எதுவும் அபார்ட்டில் தொலையாது. அடுத்த முறை கிளப்பும்போது, ஆரக்கிள் ரீடு லாகைப் படித்து முன்னோக்கி ஓட்டிவிட்டு டேட்டாபேஸைத் திறந்துவிடும். கமிட் ஆகாததைக் கழற்றுகிற வேலையை, ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பின்னணியில் எஸ்மான் என்கிற புராசஸ் பார்த்துக்கொள்ளும். ஆக இம்மீடியட்டில் எல்லோரையும் நிற்கவைத்துச் செய்கிற அதே வேலை, அபார்ட்டுக்குப் பிறகு யாருக்கும் தொந்தரவில்லாமல் நடக்கிறது. பழைய ஆட்கள் சிலர் முதலில் செக்பாயின்ட் ஒன்றைக் கொடுத்து, அபார்ட் செய்து, ரெஸ்ட்ரிக்ட் முறையில் கிளப்பி, மறுபடி இம்மீடியட்டில் சுத்தமாக நிறுத்துவார்கள். முழு டேட்டாபேஸையும் மூடிவைத்து பேக்கப் எடுப்பதாக இருந்தால் அந்தக் கடைசிப் படி அவசியம். டிரான்ஸ்ஃபார்மருக்கு எண்ணெய் மாற்ற அதெல்லாம் வேண்டாம்.

போஸ்ட்கிரஸிலும் இதே தத்துவம்தான், பெயர்கள்தான் வேறு: ஸ்மார்ட், ஃபாஸ்ட், இம்மீடியட். கவனம், அங்கே இம்மீடியட் என்பது ஆரக்கிளின் அபார்ட்டுக்குச் சமம். இரண்டையும் ஒரே நாளில் கையாளுகிறவர்கள் இதில் தடுமாறாமல் இருந்தால் ஆச்சரியம். ரொம்ப நாள் ஸ்மார்ட்தான் இயல்பு முறையாக இருந்தது; அதாவது எல்லோரும் போகட்டும் என்று காத்திருப்பது. 9.5 பதிப்பில் ஃபாஸ்ட்டை இயல்பாக்கினார்கள். காலம் கடந்து வந்த நல்ல முடிவு.

மற்றபடி வரிசை முக்கியம். முதலில் நேரம் வைத்து ஓடுகிற ஜாப்களை நிறுத்த வேண்டும், பிறகு அப்ளிகேஷன் சர்வர், பிறகு லிஸனர், கடைசியில் டேட்டாபேஸ். கிளப்பும்போது தலைகீழ். லிஸனரை நிறுத்தினால் புதியவர்கள் வர முடியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே உள்ளே வந்தவர்களின் இணைப்பு அறுந்துவிடாது. இது தெரியாமல் ‘லிஸனரை நிறுத்திட்டேன் சார், ஆனா இன்னும் பில் போட்டுட்டு இருக்காங்க’ என்று திகைப்பவர்கள் உண்டு.

கிளப்புவதற்கு வருகிறேன். ஆரக்கிள் மூன்று படிகளில் எழுந்திருக்கும். முதல் படி நோமவுன்ட்: பாராமீட்டர் ஃபைலைப் படித்து, மெமரியைப் பிடித்து, பின்னணிப் புராசஸ்களைக் கிளப்பும். இந்தக் கட்டத்தில் அதற்கு டேட்டா என்று ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டாவது மவுன்ட்: கன்ட்ரோல் ஃபைலைத் திறந்து, எந்தெந்த ஃபைல் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். மூன்றாவது ஓப்பன்: ஒவ்வொரு டேட்டா ஃபைலின் தலைப்பையும் கன்ட்ரோல் ஃபைலோடு ஒப்பிட்டு, கணக்கு நேராக இல்லாவிட்டால் மீட்பு வேலையை முடித்துவிட்டுக் கதவைத் திறக்கும். எங்கே நிற்கிறது என்று தெரிந்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். நோமவுன்ட்டுக்கே வரவில்லை என்றால் மெமரி அல்லது பாராமீட்டர். மவுன்ட்டில் நின்றால் கன்ட்ரோல் ஃபைல். ஓப்பனில் நின்றால் டிஸ்க் ஏதோ மவுன்ட் ஆகவில்லை, அல்லது மீட்பு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடைசியில்தான் சிக்கல். மீட்பு ஓடும்போது உள்ளே வர முயல்கிறவர்களுக்கு ஓஆர்ஏ-01033 என்று காட்டும்; துவக்கமோ நிறுத்தமோ நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அது பிழைச்செய்தி அல்ல, ‘இருங்கள், வருகிறேன்’ என்பதுதான். ஆனால் திரையில் எண்ணோடு ஏதாவது வந்தால் எல்லோருக்கும் அது பிழைதான்.

திறந்த பிறகும் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டியிருக்கும். டேட்டாபேஸ் எழுந்தபின் லிஸனரைக் கிளப்பினால், டேட்டாபேஸ் தன்னை லிஸனரிடம் பதிந்துகொள்ள ஒரு நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் நாலு போன் வந்துவிடும். ‘ஆல்டர் சிஸ்டம் ரெஜிஸ்டர்’ என்று ஒரு வரி அடித்தால் உடனே பதிந்துகொள்ளும்.

இந்த மீட்பு எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும் என்பதால் சொல்கிறேன். கடையில் வியாபாரம் நடக்கும்போது முதலில் சிட்டையில் எழுதிவிட்டு, ஓய்வாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள் அல்லவா? டேட்டாபேஸும் அப்படித்தான். கமிட் என்று நீங்கள் சொன்னதும் டிஸ்க்கில் உறுதியாக ஏறுவது லாக் மட்டுமே. டேட்டா ஃபைல் பின்னால் மெதுவாக மாறும். செக்பாயின்ட் என்பது, இதுவரை எழுதிய லாக்கில் உள்ளதெல்லாம் டேட்டா ஃபைலில் ஏறிவிட்டது என்று போடும் கோடு. கரண்ட் போய் வந்தால், கடைசிக் கோட்டிலிருந்து லாகை மறுபடி ஓட்டினால் போதும்.

இதற்கான முழுமையான இலக்கணத்தை எழுதியவர்களில் முதல் பெயர் சி. மோகன். இலக்கியம் வாசிப்பவர்களுக்குத் தெரிந்த சி. மோகன் வேறு, இவர் தமிழ்நாட்டில் பிறந்து, ஐஐடி மெட்ராஸில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து, அமெரிக்காவில் ஐபிஎம் அல்மடன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அவரும் சகாக்களும் 1992இல் வெளியிட்ட ஏரீஸ் என்ற முறைதான் ஐபிஎம் டிபி2, மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் போன்றவற்றின் மீட்புக்கு அடிப்படை. மூன்று கட்டம்: விழுந்த நேரத்தில் என்னென்ன பாக்கி என்று லாகை ஆராய்வது, நடந்ததை எல்லாம், கமிட் ஆனது ஆகாதது பார்க்காமல், அப்படியே மறுபடி நடத்துவது, பிறகு கமிட் ஆகாததைக் கழற்றுவது. எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. கழற்றும்போது ஒவ்வொரு கழற்றலையும் அது லாக்கில் எழுதுகிறது. மீட்பின் நடுவில் மறுபடி கரண்ட் போனாலும் கழற்றியதையே மறுபடி கழற்றாது. விழுவதற்கு மட்டுமல்ல, எழும்போது விழுவதற்கும் யோசித்திருக்கிறார்கள். கோவையில் மதியம் மூன்று முறை கரண்ட் போய் வருவதை எதிர்பார்த்தே எழுதியதுபோல இருக்கும் படித்தால்.

அவ்வளவு யோசித்துக் கட்டியதை எப்படிக் கெடுப்பது?

லினக்ஸில் சர்வீஸ்களைக் கவனிக்கிற சிஸ்டம்டி ஒரு சர்வீஸைக் கிளப்பிவிட்டு, அது ‘தயார்’ என்று சொல்லும் வரை காத்திருக்கும். வேறு எதுவும் சொல்லிவைக்காவிட்டால் அதன் பொறுமை 90 விநாடி. நிறுத்தும்போதும் அதே 90 விநாடி. அதற்குள் நிற்காவிட்டால் கொன்றுவிடும். வெப் சர்வருக்கு இது தாராளம். டேட்டாபேஸுக்கு, அதுவும் கரண்ட் போய் எழுகிற டேட்டாபேஸுக்கு, எந்த அளவிலும் போதாது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மென்பொருள் போட்டுக் கொடுத்தவர்கள் போஸ்ட்கிரஸுக்குத் தாங்களே ஒரு சர்வீஸ் ஃபைல் எழுதியிருந்தார்கள். நேர வரம்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. விழுந்தால் மறுபடி கிளப்பு என்பது மட்டும் இருந்தது. வேகம் வேண்டும் என்று செக்பாயின்ட் இடைவெளியையும் மிக நீளமாக வைத்திருந்தார்கள். டிஸ்க்கோ பழைய சுழலும் டிஸ்க். யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து ஒருநாள் படுத்துவிட்டது. கரண்ட் வந்ததும் போஸ்ட்கிரஸ் எழுந்து, ‘முறையாக நிறுத்தப்படவில்லை, மீட்பு நடக்கிறது’ என்று லாக்கில் எழுதி, வேலையைத் தொடங்கியது. 90 விநாடி ஆனதும் சிஸ்டம்டி நிறுத்திவிட்டது. பிறகு தானே மறுபடி கிளப்பியது. மீட்பு முழுவதும் முடிந்தால்தான் புதிய செக்பாயின்ட் விழும். அதனால் மறுபடி பழைய கோட்டிலிருந்தே தொடக்கம். காலையிலிருந்து இதே சுழற்சி. நான் போனபோது லாக் முழுக்க ஒரே நாலு வரிகள், நேரம் மட்டும் மாறி மாறி. ‘டேட்டாபேஸ் கரப்ட் ஆயிருச்சு’ என்று முதலாளிக்குச் சொல்லியாகிவிட்டது. வெளியூரிலிருந்து ஒருவர் போனில், லாகை அழித்துப் புதிதாகத் தொடங்கவைக்கிற பிஜி-ரீசெட் கருவியை ஓட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது ஓடியிருந்தால்தான் உண்மையாகவே கெட்டிருக்கும். சர்வீஸ் ஃபைலில் துவக்க வரம்பை ‘இன்ஃபினிட்டி’ என்று மாற்றி விட்டதும், தேநீர் ஆறுவதற்குள் மீட்பு முடிந்து கதவு திறந்தது. போஸ்ட்கிரஸின் கையேட்டிலேயே இந்த மாதிரியான சர்வீஸ் ஃபைல் இருக்கிறது. வரம்பை ஏன் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பத்தி விளக்கமும் இருக்கிறது. கன்டெய்னர் உலகத்துக்குப் போனவர்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கம்: நிறுத்தச் சொன்னபின் டாக்கர் பொறுப்பது 10 விநாடி, குபர்நெட்டீஸ் 30. எல்லாம் மாற்றக்கூடியவைதான். மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சிஸ்டம்டி வருவதற்கு முன்பும் சொர்க்கமாக இல்லை. ரெட் ஹேட்டின் பழைய முறையில், கிளப்புகிற ஸ்கிரிப்ட் ஒரு லாக் ஃபைலை, அதாவது பூட்டுக்கான வெற்று ஃபைலை, வார்-லாக்-சப்சிஸ் டைரக்டரியில் தன் பெயரிலேயே உண்டாக்கி வைக்க வேண்டும். அது இருந்தால்தான் சர்வரை அணைக்கும்போது நிறுத்தும் ஸ்கிரிப்ட்டைக் கூப்பிடும். அந்த ஒரு வரியை எழுதாதவர்கள் ஏராளம். டேட்டாபேஸ் அழகாகக் கிளம்பும். நிறுத்த மட்டும் யாரும் வரமாட்டார்கள். ஒவ்வொரு ரீபூட்டும் ஒரு கொலை. வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் மீட்பு ஓடி எல்லாம் சரியாகிவிடும். அலர்ட் லாகைப் படித்தால் மட்டும் தெரியும்.

அழிப்பதற்கு ஆட்கள் தேர்ந்தெடுக்கிற ஃபைல்கள் பற்றித் தனியாகவே எழுதலாம். போஸ்ட்கிரஸின் டேட்டா டைரக்டரியில் போஸ்ட்மாஸ்டர்-பிஐடி என்று ஒரு சின்ன ஃபைல் உண்டு. ஓடுகிற சர்வரின் புராசஸ் எண் அதில் இருக்கும். ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று செய்தி வந்தால், அந்தப் புராசஸ் உண்மையில் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமலேயே ஃபைலை அழிப்பார்கள். உயிரோடு இருந்தால், ஒரே டேட்டா மேல் இரண்டு சர்வர்கள் உட்கார வழி திறக்கிறது. அதுபோல, டிஸ்க் நிரம்பியதும் இடம் காலி செய்ய லாக்-களை அழிக்கப் போய், மீட்புக்கு உயிர்நாடியான டைரக்டரியையே காலி செய்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பிஜி-எக்ஸ்லாக் டைரக்டரியின் பெயரை பிஜி-வால் என்று மாற்றியதற்கு அதுவே காரணம். மைஎஸ்கியூஎல்லில் இன்னோடிபி ஃபோர்ஸ் ரிக்கவரி என்று 1 முதல் 6 வரை ஓர் அமைப்பு. 4 அல்லது அதற்கு மேல் வைத்தால் டேட்டா நிரந்தரமாகக் கெடலாம் என்று கையேடு எச்சரிக்கிறது. நேராக 6 வைக்கிறவர்களும் உண்டு.

கரண்ட் போவதால் உண்மையிலேயே டேட்டா கெடுகிற இடம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். லாக் டிஸ்க்கில் ஏறிவிட்டது என்று டிஸ்க் சொல்வதை நம்பித்தான் இந்த மொத்த ஏற்பாடும். ரெய்டு கன்ட்ரோலரின் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்வது வழக்கம். அந்த மெமரிக்கு ஒரு சின்ன பேட்டரி உண்டு, அது உயிரோடு இருக்கும் வரை பரவாயில்லை. ஆலைகளின் வெப்பத்தில் அந்த பேட்டரி எப்போதோ செத்திருக்கும், யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். பேட்டரி செத்தாலும் கேச்சை விடாமல் பயன்படுத்து என்று யாராவது வேகத்துக்காக அமைத்து வைத்திருந்தால் கதை முடிந்தது. சாதாரணக் கம்ப்யூட்டருக்கான எஸ்எஸ்டியை சர்வரில் போடுவதும் அதே ரகம். பக்கம் பாதி எழுதி நிற்பதற்கு டேட்டாபேஸிடம் மருந்து இருக்கிறது. போஸ்ட்கிரஸின் பக்கம் 8 கேபி, இன்னோடிபியின் பக்கம் 16 கேபி, டிஸ்க் ஒரு மூச்சில் உறுதியாக எழுதுவது பொதுவாக 4 கேபி வரைதான் என்பதால், இரண்டுமே முழுப் பக்கத்தின் நகலை வேறிடத்தில் எழுதிக்கொள்கின்றன. டிஸ்க்கே பொய் சொன்னால் மருந்தில்லை. நான் புதிய இடத்துக்குப் போனால் முதலில் யுபிஎஸ் பேட்டரியையும், இரண்டாவதாகக் கன்ட்ரோலர் பேட்டரியையும் கேட்பது இதனால்தான். டேட்டாபேஸ் மூன்றாவது.

சர்வர் எழுந்ததும் டேட்டாபேஸ் தானாகக் கிளம்ப வேண்டுமா என்பதில் எங்களுக்குள் ஓயாத சண்டை. ஆரக்கிளில் ஈடிசி டைரக்டரியின் ஓராடேப் ஃபைலில் வரியின் கடைசி எழுத்து ஒய் என்றால் கிளம்பும், என் என்றால் கிளம்பாது. ஒற்றை சர்வர் வைத்திருக்கிற ஆலைக்கு ஒய்தான் சரி என்பேன். ஆனால் அதோடு இன்னொன்று: மின்சாரம் வந்ததும் சர்வர் பெட்டியே தானாக எழக் கூடாது என்று பயாஸில் வைத்துவிடுவேன். நம்மூரில் கரண்ட் ஒரே தடவையில் வருவதில்லை. வந்து, மினுக்கி, போய், மறுபடி வரும். ஈ.பி. நிலைத்து, யுபிஎஸ் ஓரளவு சார்ஜ் ஏறியபின், ஃபோர்மேன் பொத்தானை அழுத்தட்டும். அதன் பிறகு மற்றதெல்லாம் தானாக நடக்கட்டும்.

இரண்டு சர்வர் வைத்து, ஒன்று விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்கும் இடங்களில் நேர்மாறு. மெயின் சர்வர் விழுந்து, ஸ்டாண்ட்பையை மெயினாக்கி, ஆட்கள் அதில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது, பழையது ஒன்றும் அறியாமல் எழுந்து ‘நானே மெயின்’ என்று கதவைத் திறந்தால், ஒரே இன்வாய்ஸ் எண் இரண்டு பேருக்குப் போகும். ஜிஎஸ்டி கணக்கில் அதை நேர் செய்வது, டேட்டாபேஸை மீட்பதைவிடக் கொடுமை. பழையதை முதலில் பிஜி-ரிவைண்ட் ஓட்டி ஸ்டாண்ட்பையாக மாற்றிய பிறகே எழுப்ப வேண்டும். அந்த இடங்களில் சர்வீஸை டிஸேபிள் செய்து, கிளப்பும் முறையைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ராக்கின் கதவில் ஒட்டியிருக்கிறேன். முதல் வரி, எதையும் அழிக்காதீர்கள். இரண்டாவது வரி, லாகின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். மூன்றாவது என் போன் நம்பர். அதை மட்டும்தான் எல்லோரும் படிக்கிறார்கள்.